கரிசல் நிலத்தில் ஜெனரேட்டர் மேடை: கான்கிரீட் எத்தனை அங்குலம் போட வேண்டும்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. சாத்தூர்ப் பக்கம் கரிசல் நிலத்தில் இருக்கும் உங்கள் எண்ணெய் ஆலையின் பின்புறம், திறந்த வெளியில், 125 கேவிஏ டீசல் ஜெனரேட்டர் ஒன்றை அதன் ஒலித்தடுப்புக் கூண்டோடு நிறுத்த வேண்டும். கூண்டின் நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், ஆயில், கூலன்ட், டீசல் எல்லாம் நிரப்பிய பின் எடை 2,400 கிலோ. நான்கு அங்குலக் கனம் போதும் என்கிறார் மேஸ்திரி. ஓரடிக்குக் குறையவே கூடாது என்கிறார் ஜெனரேட்டர் பொருத்த வந்தவர். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு அங்குலம், அதாவது 200 மி.மீ. போடுங்கள். மேல் ஒன்று, கீழ் ஒன்று என இரண்டு வரிசைக் கம்பி வையுங்கள். மேடையின் ஓரத்தைச் சுற்றிலும் கான்கிரீட்டை ஒன்றரை அடி ஆழம்வரை கீழே இறக்கி ஒரு பட்டைபோல ஓட விடுங்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, மேடை அமரப்போகும் இடத்தில் இரண்டரை அடி ஆழத்துக்குக் கரிசலை வெட்டி எடுத்துவிட்டு, கிராவல் நிரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். இந்த வேலையைச் செய்யாவிட்டால் ஓரடிக் கான்கிரீட்டும் உங்களைக் காப்பாற்றாது. செய்துவிட்டால் எட்டு அங்குலத்துக்கு மேல் போடும் ஒவ்வொரு அங்குலமும் வீண் செலவு. ஏன் என்று விளக்கினால்தான் மேஸ்திரியிடமும் மற்றவரிடமும் நீங்கள் உறுதியாகப் பேச முடியும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

மேடையின் அளவிலிருந்து தொடங்குவோம். கூண்டைச் சுற்றி நான்கு பக்கமும் ஓரடி வெளியே நீண்டிருக்க வேண்டும். கதவைத் திறந்து ஃபில்டர் மாற்றுகிறவர் நிற்கவும், ஆங்கர் போல்ட் ஓரத்தை ஒட்டிப் போய்க் கான்கிரீட்டைப் பிளக்காமல் இருக்கவும் அந்த இடம் தேவை. அப்படியானால் மேடை 4.2 மீட்டருக்கு 2 மீட்டர், பரப்பு 8.4 சதுர மீட்டர். 200 மி.மீ. தடிமனில் மேடையின் எடை 4.2 டன், ஓரப் பட்டை ஏறக்குறைய 1.8 டன், ஜெனரேட்டர் 2.4 டன், கூட்டினால் 8.4 டன். அதாவது சதுர மீட்டருக்கு ஒரே ஒரு டன். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் வெறுங்காலோடு தரையில் நின்றாலே அவர் பாதத்தின் அடியில் சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கும் அதிகமான அழுத்தம் விழுகிறது. சேற்று நிலத்தையும் புதிதாகக் கொட்டிய மண்ணையும் தவிர எந்த மண்ணும் இதைப்போல் ஐந்து மடங்கைச் சிரமம் இல்லாமல் தாங்கும். ஆகவே ‘இவ்வளவு கனமான இயந்திரத்தை மண் தாங்குமா’ என்ற பயம் இங்கே தேவையில்லை. மேடையைத் தடிமனாக்குவதற்கு இது காரணமாகவும் ஆகாது.

எடை இப்படிச் சமமாகப் பரவியே நிற்குமானால் மேஸ்திரி சொல்லும் நான்கு அங்குலம் போதும். பரவாத நேரங்களில்தான் தடிமன் வேலை செய்கிறது. ஜெனரேட்டரை உருளைக் குழாய்களின் மேல் வைத்துக் கடப்பாரையால் தள்ளி மேடையில் ஏற்றும்போது, அதன் பாதிக்கும் மேற்பட்ட எடை சில நிமிடங்களுக்கு ஒரு மூலையில் வந்து நிற்பது வழக்கம். அதை 1.5 டன் என்று கொள்ளுங்கள். அந்த மூலைக்கு அடியில் மண் விலகி வெற்றிடம் விழுந்திருந்தால், கான்கிரீட்டின் மேல் முகத்தில் உண்டாகும் இழுவிசையைக் கணக்கிட ஒரு பழைய எளிய வழி இருக்கிறது: மூலையில் விழும் சுமையை மூன்றால் பெருக்கி, தடிமனின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நான்கு அங்குல மேடைக்கு இது சதுர மி.மீட்டருக்கு 4.5 நியூட்டன், ஆறு அங்குலத்துக்கு 2, எட்டு அங்குலத்துக்கு 1.1. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐ.எஸ். 456 தரும் கணக்கின்படி, எம் 20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட் வளைவில் ஏறக்குறைய 3.1 நியூட்டனில் விரிசல் விடும். ஆகவே நான்கு அங்குல மேடையின் மூலை இயந்திரத்தை ஏற்றும் நாளிலேயே உடையும். ஆறு அங்குலம் ஒருமுறை தாங்கும். ஆனால் பலமுறை திரும்பத் திரும்ப விழும் சுமைக்குக் கான்கிரீட் தன் முழு வலிமையில் பாதியளவுக்குத்தான் நம்பத் தகுந்தது என்பதால், அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. எட்டு அங்குலம் நிம்மதி தருகிறது.

மண்ணின் தாங்கலையும் கணக்கில் சேர்க்கும் சூத்திரத்தை வெஸ்டர்கார்ட் என்ற பொறியியல் அறிஞர் 1926ஆம் ஆண்டிலேயே தந்துவிட்டார். நாட்டின் கான்கிரீட் சாலைகளுக்கான கணக்குகள் நெடுங்காலம் அதை ஒட்டியே நடந்தன. அதைப் பயன்படுத்தினால் நான்கு அங்குலத்துக்குக் கூடச் சற்றுச் சாதகமான விடை கிடைக்கும். ஆனால் கோடையில் வாய் பிளக்கும் கரிசலில், மூலைக்கு அடியில் மண் இருக்கும் என்று நம்பிக் கணக்குப் போடுவது சரியல்ல. அதனால்தான் தாங்கலே இல்லை என்று கொள்ளும் பழைய கணக்கை இங்கே எடுத்தேன்.

இந்தக் கணக்கில் தடிமன் வர்க்கமாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். நான்கு அங்குலத்தை எட்டாக்கினால் கான்கிரீட் இரண்டு மடங்குதான் கூடுகிறது. வளைவைத் தாங்கும் வலிமையோ நான்கு மடங்காகிறது, விறைப்பு எட்டு மடங்காகிறது. உங்கள் மேடையில் ஆறு அங்குலத்துக்கும் எட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 0.42 கன மீட்டர் கான்கிரீட், அதாவது மூன்றரை மூட்டை சிமெண்ட்டும் அதற்குரிய மணலும் ஜல்லியும்தான். பல லட்சம் ரூபாய் இயந்திரத்தை வைக்கும் இடத்தில் இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி ஓரடி என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். அதற்கும் காரணம் உண்டு, ஆகவே சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். முன்பு அரிசி ஆலைகளிலும் செக்குகளிலும் நிமிடத்துக்கு 650 சுற்றுச் சுற்றும் ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின்கள் ஓடின. அவற்றை நேராகக் கான்கிரீட்டோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். ஒவ்வொரு அடியையும் கான்கிரீட்டின் எடைதான் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எனவே எஞ்சினின் எடையைப்போல் பல மடங்கு எடையுள்ள கட்டையான அடித்தளம் தேவைப்பட்டது. இன்றும் பிஸ்டன் கம்ப்ரசர், பவர் பிரஸ், சுத்தியல் அடிக்கும் இயந்திரங்கள் ஆகியவற்றுக்கு அந்த முறையே சரி, அவற்றுக்கு ஐ.எஸ். 2974இன்படி பொறியாளர் ஒருவர் அதிர்வுக் கணக்குப் போட்டே தீர வேண்டும், இந்தப் பதிலை வைத்து அவற்றை நிறுத்தாதீர்கள். உங்கள் ஜெனரேட்டர் அப்படிப்பட்டதல்ல. பல சிலிண்டர் எஞ்சின், 1,500 சுற்று, எஞ்சினுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ரப்பர் அதிர்வுத் தாங்கிகள் இருக்கின்றன. அதிர்வின் பெரும்பகுதி அங்கேயே அடங்கிவிடுகிறது. இத்தகைய செட்டுகளுக்கு அடித்தளத்தின் எடை செட்டின் எடைக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று தொடங்கி, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு என்று தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். உங்கள் மேடையும் ஓரப் பட்டையும் சேர்ந்து ஆறு டன். செட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு. ஓரடி போடாமலேயே அந்தத் தேவை நிறைவேறிவிடுகிறது. உங்கள் செட்டோடு வந்த கையேட்டில் இந்த மடங்கு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இதைவிட அதிகம் கேட்டிருந்தால் கையேட்டின் சொல்லே செல்லும்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். கரிசல் ஈரத்தைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். அது வீங்கும்போது மேலே இருப்பதைத் தள்ளும் அழுத்தம் பல இடங்களில் சதுர மீட்டருக்கு 5 டன்னையும் தாண்டிப் போகிறது. உங்கள் மேடையும் ஜெனரேட்டரும் சேர்ந்து கீழே அழுத்துவது ஒரு டன். கான்கிரீட்டை ஓரடியாக்கினால் அது ஒன்றேகால் டன் ஆகும். மூன்றடியாக்கினாலும் மூன்று டன்னைத் தொடாது. எடையைக் கூட்டி இந்த மண்ணை அடக்க முடியாது என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. வீட்டுச் சுவர்களே விரிசல் விடும் நிலத்தில் ஒரு ஜெனரேட்டர் மேடை எம்மாத்திரம்?

வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே சீராக நடந்தால் கவலையில்லை. மேடை மொத்தமாக அரை அங்குலம் ஏறி இறங்கினால் ஜெனரேட்டருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது அப்படி நடப்பதில்லை. ஐப்பசி மழை முதலில் மேடையின் ஓரத்து மண்ணைத்தான் நனைக்கிறது; ஓரம் ஏறுகிறது, நடுப்பகுதி காய்ந்தபடி அப்படியே நிற்கிறது. கோடையில் ஓரம் காய்ந்து இறங்குகிறது. ஆனால் மேடைக்கு அடியில் நடுவே சேர்ந்த ஈரத்தைக் கான்கிரீட் மூடியிருப்பதால் வெயில் அதை எட்டுவதில்லை. சில ஆண்டுகளில் நடுப்பகுதி மேடாகி, ஓரங்கள் அடியில் மண் இல்லாமல் தொங்கும் நிலை வருகிறது. நான் மேலே கணக்கிட்ட, மூலைக்கு அடியில் வெற்றிடம் என்ற நிலை இதுதான். நான்கு அங்குல மேடையின் மூலைகள் ஏறக்குறைய முக்கோண வடிவில் பெயர்ந்து கிடப்பதைக் கரிசல் ஊர்களில் எந்தப் பழைய தண்ணீர்த் தொட்டி மேடையிலும் பார்க்கலாம்.

எனவே இங்கே தடிமனுக்கு உண்மையான வேலை, விறைப்பைத் தருவது. அடியில் ஒரு பக்கம் மண் ஏறி, இன்னொரு பக்கம் இறங்கினாலும் மேடை வளையாமல் ஒரே பலகையாகச் சாய வேண்டும். ஒரே பலகையாகச் சாயும் மேடையில் எஞ்சினும் ஆல்டர்னேட்டரும் ஒன்றுக்கொன்று நேர் தவறாமல் இருக்கும். பின்னர் சட்டத்துக்கு அடியில் தகடு வைத்து மட்டத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வளையும் மேடையில் இரும்புச் சட்டமும் முறுக்கிக்கொள்ளும். எட்டு அங்குலப் பலகையும் அதைச் சுற்றி ஒன்றரை அடி ஆழப் பட்டையும் சேர்ந்தால், இந்த அளவு மேடைக்குத் தேவையான விறைப்பு கிடைக்கிறது. ஒரே சீராக ஓரடி போடுவதைவிடக் குறைந்த கான்கிரீட்டில், அதைவிட அதிக விறைப்பு. அந்தப் பட்டை இன்னொரு உதவியும் செய்கிறது: பக்கவாட்டில் ஈரம் உள்ளே புகுவதையும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதையும் ஓரளவு தடுக்கிறது.

உங்கள் மண் எவ்வளவு மோசமானது என்று தெரிந்துகொள்ள ஆய்வகத்துக்கே போக வேண்டியதில்லை. முதல் கட்டச் சோதனையை ஆலையிலேயே செய்யலாம். இரண்டடி ஆழத்திலிருந்து மண் எடுத்து, நன்றாகக் காயவைத்து, கட்டிகளைப் பொடித்து, 425 மைக்ரான் சல்லடையில் சலியுங்கள். மாவுபோல விழும் பொடியில் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு பங்கு நிறுத்து, 100 மி.லி. அளவுக் குழாய்கள் இரண்டில் போடுங்கள். ஒன்றில் தண்ணீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் 100 மி.லி. கோடுவரை ஊற்றி, கண்ணாடிக் குச்சியால் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வைத்திருங்கள். மண்ணெண்ணெயில் இந்த மண் வீங்காது; தண்ணீரில் வீங்கும். மறுநாள் இரண்டிலும் மண் எந்தக் கோடுவரை நிற்கிறது என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 18 மி.லி. என்றால் வீக்கம் 80 சதவீதம். ஐ.எஸ். 2720இன் 40ஆம் பகுதி சொல்வதும் இதே முறைதான். 50 சதவீதத்துக்குக் குறைவாக வந்தால் கவலை அதிகம் இல்லை. 100ஐத் தாண்டினால், கரிசலை வெட்டி எடுக்கும் இரண்டரை அடி ஆழத்தை மூன்றரை அடியாக்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் மண் பரிசோதனை செய்யும் பொறியாளரையும் ஒருமுறை வரவழையுங்கள்.

மண் மாற்றும் குழியை மேடையின் அளவுக்கே வெட்டுவது பலர் செய்யும் தவறு. ஓரத்தில்தான் ஆபத்து என்பதால், குழி மேடையைத் தாண்டி ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடி வெளியே போக வேண்டும். அப்படி வெட்டினால் 5.7 மீட்டருக்கு 3.5 மீட்டர், ஆழம் 0.75 மீட்டர், ஏறக்குறைய 15 கன மீட்டர். இறுக்கும்போது அமுங்குவதையும் சேர்த்தால் ஏழு யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) கிராவல் வாங்க வேண்டியிருக்கும். நிரப்புவதற்குச் சுத்தமான ஆற்று மணலோ எம் சாண்டோ வேண்டாம். மணல் வீங்காது என்பது உண்மைதான். ஆனால் கரிசல் குழிக்குள் நிரப்பிய மணல் மழைநீரை வாங்கித் தேக்கி, அடியிலிருக்கும் கரிசலுக்கு மாதக்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும். செம்மண் கலந்த, கையில் பிடித்தால் ஒட்டும் கிராவலே ஏற்றது. வீங்காத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணடுக்கு கரிசலின் வீக்கத்தை அடக்கும் என்பதைப் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி நீண்ட ஆய்வுகளின் வழியே காட்டினார். கரிசல் வழியே ஓடும் வாய்க்கால்களின் கரைகளில் அந்த முறை பயன்பட்டு வருகிறது. ஆறு அங்குலத்துக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டாமல், ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து, தகடு வைப்ரேட்டர் வாடகைக்கு எடுத்து இறுக்குங்கள். குழி முழுவதையும் நிரப்பிவிட்டு மேலே தண்ணீர் விட்டு ‘அமுங்கிவிட்டது’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் நேராகக் கரிசலுக்குத்தான் போகிறது.

இரண்டரை அடி எடுத்ததால் கரிசல் தொல்லை அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கீழேயும் கரிசல் இருக்கும். ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் மிக அதிகமாக அசையும் மேற்பகுதி போய்விடுகிறது, மிச்சமுள்ள அசைவும் கிராவல் அடுக்கின் வழியே பரவிச் சீராகிறது. அந்தச் சிறு அசைவுக்கு இடம்கொடுத்து, புகைபோக்கிக் குழாயில் வளையும் பெல்லோஸ் ஒன்றும், மின் கேபிளில் ஒரு வளையமும் விட்டு வையுங்கள். வேலைக்கு உகந்த காலம் தை, மாசி. மழை முடிந்து மண் தன் ஈரத்தோடு சமநிலையில் இருக்கும் நேரம் அது. சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் மண்ணின் மேல் மேடை போட்டால், அடுத்த மழையில் வீக்கம் முழுவதையும் அந்த மேடையே வாங்க வேண்டியிருக்கும்.

தண்ணீரைத் தூர நிறுத்துவதும் இதே அளவுக்கு முக்கியம். மேடையைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரியும்படி சிமெண்ட் தளம் போடுங்கள். அதற்கும் மேடைக்கும் இடையில் தார் நிரப்பிய இடைவெளி இருக்கட்டும். ஆலையின் கூரைத் தண்ணீர்க் குழாய் அங்கே கொட்டக் கூடாது, கழுவும் குழாயும் பக்கத்தில் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும் வேப்பமரம் அருகே இருந்தால், அதன் உயரத்துக்கு ஈடான தொலைவில் மேடையை அமைப்பது நல்லது.

கம்பிக்கு வருகிறேன். 200 மி.மீ. பலகைக்கு ஐ.எஸ். 456 கேட்கும் குறைந்தபட்சம், பலகையின் குறுக்குப் பரப்பில் 0.12 சதவீதம், 8 எம்எம் கம்பியை 200 மி.மீ. இடைவெளியில் ஒரு வரிசை போட்டாலே அது நிறைவேறிவிடும். கரிசலில் மேடை ஒரு நேரம் நடுவில் தூக்கப்படுகிறது, இன்னொரு நேரம் ஓரத்தில் தூக்கப்படுகிறது. இழுவிசை மேலேயும் வரும், கீழேயும் வரும். ஆகவே 10 எம்எம் கம்பியை இரு திசையிலும் 200 மி.மீ. இடைவெளியில், மேலும் கீழும் இரண்டு வலையாகக் கட்டுங்கள். ஓரப் பட்டைக்கு 12 எம்எம் கம்பி நான்கு, 8 எம்எம் ரிங் 200 மி.மீ.க்கு ஒன்று. எல்லாம் சேர்ந்து 190 கிலோவுக்குள் முடியும். கீழே 50 மி.மீ., மேலே 40 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், விடுங்கள், கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லியைச் செருகாமல் கவர் பிளாக் வையுங்கள்.

மேல் வலையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காலையில் மிக அழகாகக் கட்டிய மேல் வலை, கான்கிரீட் சட்டியோடு ஆட்கள் அதன் மேல் நடந்ததும் அமுங்கிப் போய்க் கீழ் வலையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தக் கம்பி எதற்கும் பயன்படாது. மூன்றடிக்கு ஒன்றாக, மனிதர் மிதித்தாலும் மடங்காத நாற்காலிக் கம்பிகளை வளைத்து மேல் வலையை அவற்றின் மேல் கட்டச் சொல்லுங்கள். நடப்பதற்குப் பலகையும் போடச் சொல்லுங்கள். எட்டு அங்குல மேடையில் மேல் வலை மூன்று அங்குலம் இறங்கிவிட்டால், தடிமனைக் கூட்டியதில் கிடைத்த பயனில் பெரும்பகுதி போய்விடும்.

கிராவலின் மேல் சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கலவையில் மூன்று அங்குலம் பி.சி.சி., அதாவது கம்பி இல்லாத கான்கிரீட், போட்ட பிறகே கம்பி கட்ட வேண்டும். இந்த மூன்று அங்குலத்தை மேடையின் தடிமனில் சேர்த்துச் சொல்வதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மேடைக் கான்கிரீட் வெயிலிலும் மழையிலும் கிடப்பதால் எம் 25 தேவை. மொத்தம் 2.4 கன மீட்டர்தான் என்பதால் ரெடிமிக்ஸ் வண்டி கிடைப்பது கடினம். மிக்சர் மெஷினில் 1:1½:3 என்ற அளவில் கலந்தால் இருபது மூட்டை சிமெண்ட் ஆகும். அந்தக் கலவையை எம் 20 என்றே விதி சொல்கிறது. எம் 25க்கு அதை நெருங்க வைப்பது தண்ணீர்க் கட்டுப்பாடுதான்: மூட்டைக்கு 30 லிட்டர் வரை விதி அனுமதித்தாலும், நீங்கள் 25 லிட்டரில் நிறுத்துங்கள்; மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். அளவுக் கோடு போட்ட வாளி ஒன்றை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, அதைத் தவிர வேறு எதிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இறுகலாக இருக்கும் கலவையை வைப்ரேட்டர் பார்த்துக்கொள்ளும். இடையில் நிறுத்தாமல் ஒரே நாளில் முடிக்க வேண்டும்.

மேடையின் மேல்மட்டம் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். ஆலையின் சுவருக்கும் மேடைக்கும் இடையில் ஓரங்குல இடைவெளி விட்டுத் தெர்மகோல் வையுங்கள். சுவரின் அடித்தளத்தோடு மேடையைச் சேர்த்து வார்த்தால் அதிர்வும் சுவருக்குப் பரவும், மண் அசையும்போது விரிசலும் பரவும். ஆங்கர் போல்ட்டும் தடிமனைக் கேட்கும் என்பதை நினைவில் வையுங்கள்: 16 எம்எம் போல்ட் நான்கு அங்குலம் உள்ளே இறங்கினால், துளையின் அடியிலும் கிட்டத்தட்ட அதே அளவு கான்கிரீட் இருக்க வேண்டும். நான்கு அங்குல மேடையில் துளை போட்டால் ட்ரில் மறுபக்கம் வெளியே வந்துவிடும்.

மேடை போட்ட மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமெண்ட்டுக்கு விதிப்படி குறைந்தது பத்து நாள், பதினான்கு நாள் செய்தால் நல்லது. பாத்தித் தண்ணீர் ஓரத்தில் வழிந்து கிராவலுக்குள் இறங்காதபடி, ஓரங்களுக்கு மட்டும் தண்ணீர் நிறுத்தாமல் நனைந்த சாக்கைப் போர்த்துங்கள். 28 நாள் காத்திருந்து ஜெனரேட்டரை ஏற்றுவது சிறந்தது. அவசரம் என்றாலும் பதினான்கு நாளுக்கு முன் வேண்டாம்.

உங்கள் மண் கரிசலாக இல்லாமல் இறுகிய செம்மண்ணாகவோ சரளையாகவோ இருந்திருந்தால், இதே ஜெனரேட்டருக்கு ஆறு அங்குலமும் ஒரு வரிசைக் கம்பியும் போதும் என்றே சொல்லியிருப்பேன். ஓரப் பட்டையும் வேண்டியிருக்காது. தூத்துக்குடிபோலக் கடலோரமாக இருந்தால் எம் 30 கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் தேவை, இரண்டு பக்கமும் அவ்வளவு கவர் விட்டால் ஆறு அங்குலத்தில் கம்பிக்கு மிகக் குறைந்த இடமே மிஞ்சும் என்பதால் அங்கேயும் எட்டுதான். பக்கத்திலேயே 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நான்கு கால் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தும் எண்ணமும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் ஒவ்வொரு காலிலும் ஏறக்குறைய 1.4 டன் விழும். அதற்குத் தடிமனைக் கூட்டுவதற்கு முன், காலுக்கு அடியில் இருக்கும் நான்கு அங்குலத் தகட்டை எட்டு அங்குலமாக மாற்றுங்கள். கான்கிரீட்டின் மேல் விழும் அழுத்தம் நான்கில் ஒரு பங்காகிவிடும். கால்கள் ஓரத்திலிருந்து ஓரடியாவது உள்ளே இருக்கட்டும். அதற்குத் தனி மேடை போடுங்கள், ஜெனரேட்டர் மேடையோடு சேர்க்க வேண்டாம். தொட்டி நிரம்பி வழியும் தண்ணீரும் அங்கிருந்து குழாய் வழியே வெளியே போக வேண்டும்.

கடைசியாக, இறக்கும் நாள். ஜெனரேட்டரைக் கொண்டுவரும் கிரேன் தன் கால்களை ஊன்றும்போது ஒரு காலில் விழும் சுமை உங்கள் முழு மேடையின் எடையையும் மிஞ்சலாம். அந்தக் கால் மேடையின் மேலோ, சுற்றியுள்ள சிமெண்ட் தளத்தின் மேலோ, கிராவல் நிரப்பிய குழியின் ஓரத்திலோ ஊன்றப்படக் கூடாது. குழிக்கு வெளியே, வெட்டாத தரையில், கட்டைகளை அடுக்கி ஊன்றச் சொல்லுங்கள். லாரியையும் மேடையை ஒட்டிப் பின்னோக்கி ஓட்ட விடாதீர்கள். இரட்டைச் சக்கர அச்சு ஒன்றுக்குச் சட்டம் அனுமதிப்பதே 11.5 டன், அதில் பாதி ஒரு பக்கச் சக்கரங்களில் விழும். குழி எங்கே முடிகிறது என்பதற்கு நான்கு மூலையிலும் முளை அடித்துக் கயிறு கட்டி வைத்துவிட்டால், வண்டி ஓட்டுபவருக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை.